காய்ந்த வாய்க்காலோடு பேசுகிறவள்

சாயங்கால பஸ்ஸை விட்டு இறங்கும் பர்வின் வீட்டுப் பக்கம் திரும்பமாட்டாள். செருப்பைக் கரையில் கழற்றிவிட்டு, கல்லூரிப் பையை முதுகிலேயே வைத்துக்கொண்டு, பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும் வாய்க்காலுக்குள் இறங்குவாள். படித்துறையிலிருந்து கொஞ்சம் தள்ளி, நடு வாய்க்காலில் ஓர் இடம். அங்கே குந்தி, துப்பட்டாவை இழுத்து மடியில் செருகிக்கொண்டு, ஒரு வெடிப்புக்கு நேராக முகத்தைக் கவிழ்த்து ஆரம்பிப்பாள்.

"கூட்டாளி, வந்துட்டேன். இன்னிக்கு பஸ்ல ஒரே கூத்து. ஒரு அம்மா மூட்டையத் தூக்கிக்கிட்டு ஏறுச்சு. கண்டக்டரு மூட்டைக்கு டிக்கெட் கேட்டாரு. அந்தம்மா மூட்டைய மடியில வச்சுக்கிட்டு, இதுக்கு இன்னும் அஞ்சு வயசு ஆவலங்குது. அத விடு. மூட்டைக்குள்ள என்ன இருந்துச்சுங்குற?"

"அத விடு" என்று பர்வின் சொன்னால் அந்த விஷயத்தை விடப்போவதில்லை என்று பொருள். இனிமேல்தான் விரிவாகச் சொல்லப்போகிறாள். எந்தக் கதையையும் முடிவிலிருந்து தொடங்குவாள். நடுவில் யார் யாரோ வந்து போவார்கள். தொடங்கிய ஆள் என்ன ஆனார் என்பது மறுநாள்தான் தெரியும். பஸ்ஸில் இடம் இருந்தாலும் உட்காரமாட்டாள். உட்கார்ந்தால் பக்கத்தில் இருக்கும் ஒருவரிடம்தானே பேச முடியும்.

கரையில் போகிறவர்களுக்கு இது பழகிவிட்டது. வாய்க்காலின் கடைசியில் நிலம் வைத்திருக்கும் சாம்பசிவம் மட்டும் சைக்கிளை நிறுத்தி ஒரு காலை ஊன்றுவார்.

"ஏம்மா, அவங்க மண்ணுக்குள்ள போறதே ஒன் வாயிலேர்ந்து தப்பிக்கத்தான். அங்கயும் வந்து நின்னா எப்புடி?"

"போங்க மாமா. ஒங்களப் பத்திதான் சொல்லிக்கிட்டிருந்தேன். பாதியில நிக்கிது."

மண்ணுக்குள் தூங்குகிறவர் வாய்க்காலார். போனதற்கு முந்தின வருடம் ஐப்பசி மழையோடு மழையாக வானத்திலிருந்து இறங்கியவர்களுக்கு அரசாங்கம் நீளமாக ஒரு பெயர் வைத்திருக்கிறது. அதை முழுதாகச் சொல்லத் தெரிந்தவன் எங்கள் தெருவில் நான் ஒருவன். அதற்காக என்னை யாரும் மதித்ததில்லை. ஓடுகிற தண்ணீரும் களிமண்ணும் பார்த்து அவர்கள் எங்கள் பக்கம் தங்கினார்கள். தண்ணீரில் கிடக்கையில் நனைந்த சாக்கு மாதிரி இருப்பார்கள். பேச எழுந்தால் பாதி விரித்த குடை. கண் கிடையாது. குடையின் ஓரத்தில் தொங்கும் குஞ்சங்களால் நம் பாதத்தைத் தடவிப் பார்த்து ஆளைக் கண்டுகொள்வார்கள். முதல் மாதம் பயந்து ஓடினோம். அடுத்த மாதம் செல்ஃபி எடுத்தோம். பொங்கலுக்குள் "என்ன, சாப்புட்டாச்சா?" என்று விசாரிக்கத் தொடங்கிவிட்டோம்.

ஒவ்வொரு வாய்க்காலாரும் யாராவது ஒருவரிடம் ஒட்டிக்கொண்டு அவரிடமே தமிழ் கற்றார். கற்றுக்கொடுத்தவர் எப்படிப் பேசுவாரோ அப்படியே பேசினார். விஜயம் டீச்சரிடம் கற்றவர் மூச்சுக்கு ஒரு தரம் "கவனிங்க" என்பார். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஓடும் வாய்க்காலில் கற்றவர், பக்கத்தில் யார் போனாலும் "உள்ள போ, உள்ள போ, எடம் கெடக்கு" என்று அதட்டுவார். பர்வினிடம் கற்றவரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இரண்டு பேரும் சேர்ந்துவிட்டால் கரையில் நிற்கிற ஆடுகூட மேய்வதை நிறுத்திவிடும்.

பர்வினின் அத்தா யூனுஸ் துபாயிலிருந்து திரும்பி வந்து, வலங்கைமான் போகிற சாலையில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். எரிந்துபோன பம்புசெட் மோட்டார்கள் வாசலில் வரிசையாக உட்கார்ந்திருக்கும். தஞ்சாவூரில் பி.காம் படிக்கிற மகள், கல்லூரி இல்லாத நேரமெல்லாம் அங்கே செம்புக் கம்பி சுற்றுவாள். விரல் பாட்டுக்கு ஓடும், வாய் பாட்டுக்கு ஓடும், இரண்டும் ஒன்றையொன்று கேட்டுக்கொள்ளாது. கடையின் பின்பக்கம் வாய்க்கால். புதிதாகக் கட்டிய மோட்டாரை ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு நாள், அந்த ரீங்காரத்துக்குத் தண்ணீரிலிருந்து ஒரு குடை எழுந்தது. பர்வின் ஓடவில்லை.

"யாருங்க அது, கொல்லப்பக்கமா நின்னு எட்டிப் பாக்குறது?" என்றாள்.

அதுதான் அவர் கற்ற முதல் தமிழ். பல நாள்வரை குளிக்க இறங்கியவர்களையெல்லாம் அதே கேள்வியைக் கேட்டு மிரட்டிக்கொண்டிருந்தார்.

அவள் அவருக்குப் பெயர் வைக்கவில்லை. கூட்டாளி என்றாள், அதுவே நிலைத்துவிட்டது. மோட்டார் ஓடும் சத்தத்தைக் கேட்டே எந்த காயில் போயிருக்கிறது என்று கூட்டாளி சொல்லிவிடுவார். யூனுஸுக்கு அதில் பெருமையும் உண்டு, கொஞ்சம் வருத்தமும் உண்டு. ஆனால் கூட்டாளிக்குப் பிடித்தது மோட்டார் அல்ல, கேள்வி. "வீட்டப் பூட்டிட்டு சாவியப் பக்கத்து வீட்ல குடுத்துட்டுப் போறீங்களே, அப்ப பூட்டு யாருக்காக?" என்று கேட்டார். பர்வினின் அம்மா நஜ்மா அதற்குப் பதில் யோசித்து யோசித்து அன்று குழம்பில் உப்புப் போட மறந்தார்.

அவளும் கேட்பாள். உங்கள் ஊர் எப்படி இருக்கும், உங்களுக்கு யார் இருக்கிறார்கள் என்று. ஒரு தடவை அவர் சொன்னதை அவள் என்னிடம் பஸ்ஸில் அப்படியே சொல்லிக்காட்டினாள்: "எங்க ஊர்ல ஞாபகம் ஒரு ஆளுக்குள்ள இருக்காது பர்வினு. ரெண்டு பேருக்கு நடுவுல இருக்கும். ஒரு மூட்டையோட ரெண்டு முனையப் புடிச்சிருக்குற மாதிரி. ஒருத்தரு விட்டாக் கீழ விழுந்துரும்."

அது பேச்சுக்குச் சொன்னதல்ல என்பது போன வருடம்தான் தெரிந்தது. தை மாதக் கடைசியில் மேட்டூரை மூடினார்கள். வாய்க்காலில் தண்ணீர் இறங்க இறங்க, வாய்க்காலார் ஒவ்வொருவராகக் குடையைச் சுருட்டி, பலாப்பழம்போல உருண்டு, சேற்றுக்குள் இறங்கிவிட்டார்கள். மேலே சேறு காய்ந்து ஓடு கட்டியது. செத்துப்போனார்கள் என்று நினைத்து விஜயம் டீச்சர் அழுதார். ஆனியில் தண்ணீர் வந்ததும் எல்லோரும் எழுந்தார்கள். பர்வின் சுடிதார் நனைய ஓடிப்போய், "கூட்டாளி, நான்தான்" என்றாள்.

குஞ்சங்கள் அவள் பாதத்தைத் தடவின. "கூட்டாளி, நான்தான்" என்றது குடை, அவள் குரலிலேயே.

"பர்வினு. நான் பர்வினு."

"பர்வினு. நான் பர்வினு."

அவ்வளவுதான். அவளையும் தெரியவில்லை, மோட்டாரும் தெரியவில்லை, பூட்டும் சாவியும் தெரியவில்லை. யாருடைய வாய்க்காலாருக்கும் யாரையும் தெரியவில்லை. ஒரே ஒருவரைத் தவிர. கடைத்தெருவில் டீக்கடைப் பெஞ்சை ஒட்டிய சாக்கடையோரம் தூங்கியவர் மட்டும் எழுந்ததும் வாடிக்கைக்காரர்களைப் பேர்பேராக அழைத்து, யார் வீட்டில் என்ன சண்டை என்பதுவரை சொல்லி, இரண்டு பேரைச் சமாதானமும் செய்துவைத்தார். கோடை முழுக்கத் தலைக்கு மேல் பேச்சு ஓடிக்கொண்டே இருந்ததால் அவருடைய ஞாபகத்தின் மறுமுனையை யாரும் விடவில்லை என்று அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது.

பர்வின் மறுபடி முதலிலிருந்து கற்றுக்கொடுத்தாள். புரட்டாசிக்குள் பழைய வாயாடி திரும்பிவிட்டார். ஆனாலும் முதல் வருடத்தில் அவர்கள் பேசியது எதுவும் அவரிடம் இல்லை. "நான் மட்டும் வச்சுக்கிட்டு என்ன பண்றது டிகிரி அண்ணே?" என்று ஒரு நாள் என்னைக் கேட்டாள். கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான் என்பதால் எனக்கு அந்தப் பட்டப்பெயர். "கல்யாண வீட்டுல ஒரே ஆளு ரெண்டு பக்கத்துக்கும் நின்னு சிரிக்கிற மாதிரி இருக்கு" என்று அவளே சொல்லிக்கொண்டாள்.

அதனால்தான் இந்தக் கோடையில் அவள் ஒரு நாள்கூட விடவில்லை. நோன்பு மாதத்தில் எச்சில் வறண்டு, நாக்கு ஒட்டிக்கொள்ள, வெடிப்பைப் பார்த்துக் கஞ்சியில் விழுந்த கறித்துண்டைப் பற்றி விவரித்துக்கொண்டிருப்பாள். நஜ்மா கரையில் நின்று கத்துவார்: "நோம்பு வச்சுக்கிட்டு இப்புடி வாயாடுனா தொண்ட காயாதாடி?"

"காயுதும்மா. அதத்தான் சொல்லிக்கிட்டிருக்கேன்."

சித்திரை முடிந்தது. தண்ணீர் வருவதற்கு முன் வாய்க்கால்களைத் தூர்வாரும் வேலை எங்கள் ஊருக்கும் வந்தது. வாராமல் விடவும் முடியாது. மண்மேடு தட்டிய வாய்க்காலில் தண்ணீர் பாதியிலேயே நின்றுவிடும். கடைசியில் இருக்கும் சாம்பசிவத்தின் வயலுக்கு நுரைதான் போகும். மற்ற வாய்க்காலார் கரையோரமாகத் தூங்கினார்கள். கூட்டாளி மட்டும் நடு வாய்க்காலில். பர்வின் போய்க் காண்ட்ராக்டரின் ஆளிடம் சொன்னாள். அவர் நல்ல மனிதர். "எடத்த அடையாளம் வச்சிரும்மா, மிசினு ஒதுங்கிப் போயிரும்" என்றார்.

பர்வின் மூங்கில் குச்சிகளை வட்டமாக நட்டு, ஒவ்வொன்றின் நுனியிலும் பளிச்சென்று தெரிவதற்காகச் சிவப்புத் துணி கட்டினாள்.

கடைத்தெருவில் வளர்ந்த பெண். அவளுக்குச் சிவப்பு என்றால் நில். ஆனால் வாய்க்காலில் அதற்கு வேறு அர்த்தம். மண் மேடு தட்டிய இடங்களில் அளவு பார்த்துக் குச்சி நட்டு, சிவப்புத் துணி கட்டி வைப்பார்கள். இங்கே வெட்டு என்று அர்த்தம். அந்தக் குச்சிகளைத் தாண்டி ஊரே தினமும் நடந்தது. வாய்க்காலோடு பிறந்து வளர்ந்த எங்களில் ஒருவருக்கும் அது உறைக்கவில்லை.

பொக்லைன் ஓட்டியவர் கோவிந்தராசு. நீடாமங்கலம் பக்கம். வேறு ஊரில் வேலை முடித்து அன்றுதான் வந்திருந்தார், அந்த வட்டத்தைப் பற்றி அவரிடம் யாரும் சொல்லவில்லை. அதிகம் பேசாத ஆள். இன்ஜின் சத்தத்திலேயே இருபது வருடம் இருந்தவர்கள் அப்படித்தான் ஆகிவிடுகிறார்கள். சிவப்புத் துணிகளைப் பார்த்தார், பக்கெட்டை இறக்கினார். சாயங்காலம் பர்வினும் நானும் பஸ்ஸிலிருந்து இறங்கியபோது இயந்திரம் நின்றிருந்தது. பக்கெட் பாதி உயரத்தில் தொங்கியது. அதற்குள் மண்ணோடு மண்ணாக ஓர் உருண்டை, ஒரு பக்கம் ஓடு உடைந்து, உள்ளே ஈரமான சாம்பல்நிறத் தோல் தெரிய.

பர்வின் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் பக்கெட் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"சத்தியமா எனக்குத் தெரியாது பாப்பா" என்றார் கோவிந்தராசு. "துணி கட்டியிருந்துச்சு. வெட்டச் சொல்லியிருக்காங்கன்னு நெனச்சேன்."

உடைந்த இடத்தில் தோல் மெல்ல ஏறி இறங்கியது. உயிர் இருந்தது. தண்ணீரில் போடலாம் என்றார் ஒருவர். போட்டால் எழுந்துவிடுவார், எழுந்தவருக்குத் தங்க ஊரில் எங்கேயும் ஓடுகிற தண்ணீர் இல்லை. யூனுஸ் ஓடிவந்து பார்த்தார், மகளைப் பார்த்தார், திரும்பிக் கடைக்கு ஓடினார். காயிலுக்கு மேல் சுற்றும் பருத்தி நாடா மொத்தத்தையும் கொண்டுவந்து அவள் கையில் வைத்தார். பர்வினின் விரல்கள் வேலையைத் தொடங்கின. கோவிந்தராசு அதே இடத்துக் களிமண்ணைக் கொஞ்சமாக ஈரம் காட்டிப் பிசைந்து உடைந்த பக்கம் பூச, அவள் அதன்மேல் நாடாவை இறுக்கியும் இறுக்காமலும் சுற்றினாள். ஒரு சுற்று மண், ஒரு சுற்று நாடா. இயந்திரம் தொட முடியாத படித்துறை மூலையில் மண்வெட்டியால் குழி எடுத்து அவரை இறக்கி மூடினார்கள்.

அதன்பிறகு கோவிந்தராசு தினமும் சாப்பாட்டு நேரத்தில் இயந்திரத்தை நிறுத்திவிட்டு அந்த மூலைக்கு வந்து உட்கார்ந்தார். பர்வினுக்குத் தேர்வு தொடங்கியது. காலையில் போனால் இருட்டும் நேரத்துக்குத்தான் வர முடிந்தது. பகல் முழுக்கப் பேச ஆள் இல்லை.

"அண்ணே, நீங்க பேசுங்க" என்றாள்.

"நானா? நான் என்னத்தப் பேசுறது?"

"காலையில என்ன தின்னீங்க?"

"இட்லி."

"அத அவருகிட்ட சொல்லுங்க."

கோவிந்தராசு மண்ணைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார். "தம்பி... இட்லி தின்னேன்" என்றார். கொஞ்சம் யோசித்து, "சட்னி சரியில்ல" என்று சேர்த்துக்கொண்டார்.

முதல் நாள் அவ்வளவுதான். அந்த வாரக் கடைசியில் நான் கரையில் போகையில், ஹைட்ராலிக் ஓஸ் எப்படி வெடிக்கும், ஆயில் எப்போது மாற்ற வேண்டும் என்பதையெல்லாம் மண்ணுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். இன்னொரு நாள் குரல் தணிந்திருந்தது. பொண்டாட்டிக்கு முட்டி வலி என்றும், தான் பாட்டுக்கு ஊர் ஊராகப் போய்விடுவதால் யார் அவளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போவது என்றும் சொல்லிக்கொண்டிருந்தார். நான் சத்தமில்லாமல் நடந்தேன். எங்கள் ஊர் வேலை முடிந்து இயந்திரம் அடுத்த ஊருக்குப் போனபிறகும் மோட்டார் சைக்கிளில் வந்து கொஞ்ச நேரம் பேசிவிட்டுப் போனார். இருட்டும் நேரத்துக்குப் பர்வின் வந்து, "அண்ணன் சொன்னத நம்பாத, நான் சொல்றேன் கேளு" என்று ஆரம்பிப்பாள்.

மேட்டூர் திறந்தார்கள். எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் ஒரு காலை நேரத்தில் வந்தது. முன்னால் சருகும் பாட்டிலும் நுரையும், பின்னால் செம்மண் நிறத்தில் தண்ணீர். தூர்வாரிய வாய்க்காலில் அது தங்குதடையில்லாமல் ஓடுவதைப் பார்த்துச் சாம்பசிவம் சைக்கிளோடு கூடவே ஓடினார், பிறகு திரும்பி வந்து எங்களோடு நின்றுகொண்டார். படித்துறையில் கூட்டம். கோவிந்தராசு வேலைக்குப் போகாமல் வந்து, கடைசியில், எல்லோருக்கும் பின்னால் நின்றார்.

கீழ்ப்படியில் பர்வின். கணுக்கால்வரை தண்ணீர். வாயைக் கையால் பொத்திக்கொண்டு நின்றாள். ஏன் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். அவள் முதலில் பேசினால் அவர் அதையே திருப்பிச் சொல்லலாம்; எது நினைவு, எது எதிரொலி என்று தெரியாமல் போய்விடும். முதல் வார்த்தை அவருடையதாக இருக்க வேண்டும். பர்வின் இத்தனை நேரம் பேசாமல் நின்று நான் பார்த்ததில்லை. நஜ்மா மகளின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தப் பக்கம் விஜயம் டீச்சருடையவர் எழுந்து, "கவனிங்க" என்றார். கோடையெல்லாம் அவருக்குப் பாடம் படித்துக் காட்டிய டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். இன்னும் இரண்டு குடைகள் விரிந்தன. படித்துறை மூலையில் தண்ணீர் கலங்கியதோடு சரி. வெயில் ஏறியது. சிலர் வீட்டுக்குக் கிளம்பினார்கள். பர்வின் அசையவில்லை.

பிறகு ஒரு நாடாத் துண்டு மிதந்து வந்தது. அதன் பின்னால் இன்னொன்று. மூலையில் தண்ணீர் புடைத்துக்கொண்டு, ஒரு பக்கம் தழும்பேறிய குடை மெதுவாக எழுந்தது. சரியாக விரியவில்லை, மறுபடி முயன்று விரிந்தது.

"ஆயில் மாத்தியாச்சா பாப்பா?" என்றது.

கோவிந்தராசுவின் குரல். அந்தக் கரகரப்பு அப்படியே. சாம்பசிவம் சிரித்துவிட்டு, பர்வினின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். அவள் கை வாயிலிருந்து இறங்கவில்லை. கண் மட்டும் நிறைந்தது. கோவிந்தராசு திருடன்போல அடுத்தவர் தோளுக்குப் பின்னால் ஒதுங்கினார்.

குஞ்சங்கள் தண்ணீருக்கடியில் நீண்டு வந்து அவள் பாதத்தைத் தொட்டன. விரல் விரலாகத் தடவின. ஒரு தரம் முடித்து மறுபடி முதல் விரலிலிருந்து தடவின. குடை அவள் பக்கமாகச் சாய்ந்தது.

"பர்வினு" என்றது, இந்தத் தடவை அவள் குரலில். "ஏன் பேசாம நிக்கிற? ஒடம்பு சரியில்லயா?"

கூட்டத்தில் யாரோ அழுதார்கள், நஜ்மாவாக இருக்கலாம். பர்வின் கையை எடுத்தாள். மூச்சை இழுத்தாள். கோடை முழுக்கச் சேர்த்து வைத்ததெல்லாம் இப்போது கொட்டும் என்று நாங்கள் காத்திருந்தோம்.

அவள் தலையைத் திருப்பிக் கூட்டத்தில் தேடினாள். பிறகு சுடிதார் நனைய அந்தப் படியிலேயே உட்கார்ந்து, ஒரு பக்கமாக ஒதுங்கி, பக்கத்தில் காலியாக இருந்த ஈரக் கல்லைக் கையால் தட்டினாள். கோவிந்தராசு முழுக்கால் சட்டையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு இறங்கி வரும்வரை தட்டிக்கொண்டே இருந்தாள்.